ஏற்காட்டில் தலைவர் இல்லாத இசை விழா: எட்டுப் பேர், 300 பார்வையாளர்கள், ஒரு பகல்

சேலத்து நண்பர்கள் எட்டுப் பேர் ஸ்பான்சர் யாரையும் தேடாமல் ஏற்காட்டில் ஒரு நாள் இசை விழா நடத்த முடியுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேண்ட் தயார், ஒரு பறைக் குழுவும் ஒரு பம்பைக் குழுவும் பழக்கம், தலைவர் என்று யாரும் வேண்டாம், எல்லாவற்றையும் எல்லாரும் சேர்ந்தே செய்வதாக எண்ணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி செலவைப் பற்றியதுதான். ஆனால் உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரி என்று எனக்குப் படுகிறது: முதலாளி இல்லாமல் இப்படி ஒரு காரியம் நடக்குமா?

நடக்கும். பகல் விழாவாக, 300 பேருக்கு மேல் போகாமல், 1,80,000 ரூபாய்க்குள் நடத்தலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவைக் கூடி எடுக்கலாம், பொறுப்பைக் கூடி ஏற்க முடியாது. ‘ஜெனரேட்டரை நாமெல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும், அவர் இல்லாதபோது யார் என்று இன்னொரு பெயர் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் எதைச் செய்தாலும், செய்யாமல் விட்டாலும் இது மட்டும் தவறக்கூடாது.

300 என்ற எண்ணை மலைதான் தீர்மானிக்கிறது. ஏற்காட்டில் சமதரை அபூர்வம். இருப்பதில் நல்லது காபி எஸ்டேட்டுகளில் கொட்டை காயப்போடும் சிமெண்ட் களம். தரை மட்டமாக இருக்கும், தண்ணீர் வசதி இருக்கும், லாரி வந்து போக வழி இருக்கும். ஆனால் நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை, சில எஸ்டேட்டுகளில் பிப்ரவரி வரை, களம் ஓய்வதில்லை. மார்ச், ஏப்ரலில் செடி பூவெடுக்கும் நேரம், கூட்டம் செடிக்குள் புகுவதை எந்த எஸ்டேட்காரரும் விரும்பமாட்டார். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி மழை. மே மாதம் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும், அந்தக் கூட்டத்தில் மேலே அறையும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி வரும், மலைப்பாதையில் மண் சரிவதும் அப்போதுதான். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பிப்ரவரி. களம் எப்போது காலியாகும் என்று எஸ்டேட்டில் கேட்டு, அதன்பின் வரும் ஞாயிறு ஒன்றைப் பிடியுங்கள். பறை, பம்பைக்காரர்களிடமும் தேதியைச் சொல்வதற்கு முன் கேளுங்கள். மாசியில் மயானக் கொள்ளை, பங்குனி சித்திரையில் மாரியம்மன் பண்டிகைகள், ஆடி முழுக்க ஊருக்கு ஊர் விசேஷம் என்று அவர்களுடைய நாட்காட்டி வேறு. நீங்கள் தேதி வைத்துவிட்டு அவர்களை அழைப்பது நடக்காத காரியம்.

இரவு விழா வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல. சேலத்திலிருந்து மேலே வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அன்று முழுக்க ஆடிக் களைத்த இளைஞர்கள் இரவு பத்து மணிக்கு மூடுபனியில் இரு சக்கர வண்டியில் அதில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பகலில் வைத்தால் மேடை விளக்குச் செலவு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும், ஜெனரேட்டர் சின்னதாகும், வீட்டில் தயங்கும் பெண்களும் வருவார்கள், கடைசிப் பேருந்துக்கும் நேரம் இருக்கும். காலை 11 மணிக்குத் தொடங்குங்கள். ஆறு குழு, ஆளுக்கு 40 நிமிடம் என்றால் 240 நிமிடம். குழு மாறும் இடைவெளி ஐந்து. அதில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், மற்ற நான்கும் 20 நிமிடம். மாலை 5.20-க்கு முடியும். ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து நிமிடம் சறுக்கினாலும் 6.10 தான், வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கலையும். எட்டுக் குழு வைத்துவிட்டு இடைவெளியை 10 நிமிடமாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். டிரம்ஸை இறக்கி, பறைக்கு மைக் வைத்து, ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதற்கு 20 நிமிடம்கூடக் கெடுபிடிதான்.

கூத்து வைக்கலாமா என்றும் ஒரு வரி இருந்தது. சேலம், எடப்பாடி, மேட்டூர் பக்கம் நல்ல தெருக்கூத்துக் குழுக்கள் உண்டு. ஆனால் விடிய விடிய ஆடும் கூத்தை 40 நிமிடத்துக்கு வெட்டினால் கட்டியங்காரன் (கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளிப் பாத்திரம்) வந்து போவதற்கே நேரம் சரியாகிவிடும். அதற்கு வேறொரு நாள், கீழே ஊரில் வையுங்கள்.

இனி சத்தம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. பொது இடமென்றால் 10 டெசிபல் கூடலாம், அல்லது 75, எது குறைவோ அது. இதைத் தரையில் வைத்துப் பாருங்கள். மேடையிலிருந்து 10 மீட்டரில் 95 டெசிபல் என்பது பேண்ட் வாசிப்புக்குச் சாதாரணம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்: 20 மீட்டரில் 89, 40-இல் 83, 80-இல் 77, 160-இல் 71, 320-இல் 65. அதாவது எல்லை 300 மீட்டர் தள்ளி இருந்தாலும் 60-க்குள் வராது. அதனால் முன்வரிசையில் 90-க்கு மேல் போகாமல் வைப்பது, ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்ப்பது, மேடையின் முகத்தைப் பள்ளத்தாக்கு வீடுகளின் பக்கம் திருப்பாமல் மேட்டுச் சரிவை நோக்கி வைப்பது மூன்றும் அவசியம். சில்வர் ஓக் மரங்கள் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் நிறைய. இலைகள் கூர்மையான ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், பேஸ் அப்படியே மரங்களுக்கு ஊடே போய்விடும். புகார் வருவது எப்போதுமே பேஸால்தான். கைப்பேசியில் டெசிபல் செயலி வைத்துப் பார்ப்பது தோராயத்துக்கு உதவும், ஆனால் அளவு சரியாகத்தான் இருந்தது என்று வாதாட அது சாட்சியாகாது. கணக்கு எப்படிப் போட்டாலும் பக்கத்து ஊர்ப் பெரியவர்களையும் அண்டை எஸ்டேட்காரரையும் ஒரு மாதம் முன்பே நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது இவை எல்லாவற்றையும்விட வேலை செய்யும். சேர்வராயன் மலைப் பழங்குடியினரான மலையாளி மக்களின் ஊர்கள் அருகில் இருந்தால் அவர்களை அலங்காரத்துக்கு ஆட அழைக்காதீர்கள். விழா வேண்டுமா, என்ன நாளில், எது கூடாது என்று கேட்கப் போங்கள். சென்னையில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவும், அருணாசலப் பிரதேசத்தில் 2012-இல் தொடங்கிய ஜிரோ (Ziro) இசை விழாவும் அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் முன்னதில் மீனவக் குப்பம் விருந்து அழைக்கும் வீடாக இருந்தது; பின்னதில் உள்ளூர் ஆட்கள் மூங்கிலில் கட்டிய மேடை. இரண்டும் நடக்கும் ஊரை விலக்கி வைக்கவில்லை.

அனுமதிக்கு: இட உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், இடத்தின் வரைபடம் (மேடை, நுழைவு, வண்டி நிறுத்தம், ஜெனரேட்டர், கழிவறை), எதிர்பார்க்கும் கூட்டம், தொடங்கும் முடியும் நேரம், மைக் செட்காரர் விவரம். இவற்றை வைத்து ஒரு மாதம் முன்பே காவல் நிலையத்தில் மனு, டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு பிரதி, ஊராட்சிக்கு ஒன்று, பந்தல் போட்டால் தீயணைப்புத் துறைக்கு ஒன்று. இடம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் வனத்துறைக்கும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். மனு கொடுக்க வேண்டும் என்பது உறுதி. எத்தனை நாளில் பதில் வரும், என்னென்ன நிபந்தனை போடுவார்கள் என்பது அலுவலருக்கு அலுவலர் மாறும். கடைசி இரண்டு நாளில்தான் தாள் கைக்கு வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அதற்குள் திருப்பித் தர முடியாத முன்பணம் எதையும் பெரிதாகக் கட்டிவிடாதீர்கள். ஒன்று: மனுவில் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் எது நடந்தாலும் கேட்பார்கள். எட்டுப் பேர் சேர்ந்து நடத்தினாலும் அந்தக் கையெழுத்து ஒருவருடையது என்பதை எட்டுப் பேரும் உணர்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சுமையை ஒருவர் தலையில் வைக்காமல் இருக்கத்தான் சங்கப் பதிவு. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், உங்களிடம் எட்டுப் பேர். துணைவிதி எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். அதன்பின் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. பதிவுக்கு நிர்வாகக் குழுவின் பெயர்களை, வழக்கமாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று, தாளில் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்காகத் தலைவர் வந்துவிட்டாரே என்று கலங்க வேண்டாம், ஆண்டுதோறும் சுழற்சியில் மாற்றலாம். ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, பதிவாளருக்குப் படிவங்கள் என்று ஒரு தொடர் வேலை உண்டு. இரண்டாம் ஆண்டில் அதை மறந்து அபராதம் கட்டும் சங்கங்கள் ஏராளம், ஆகவே அதற்கும் ஒரு பெயர் எழுதுங்கள். பதியும்வரை டிக்கெட் பணத்தை எவருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். ஒரே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஜிபேயில் வந்து விழுந்தால், அது என் வருமானம் இல்லை என்று விளக்கும் வேலை அந்த நண்பருக்கு வரும். நட்பு முறிவதும் அங்கேதான் தொடங்கும்.

டிக்கெட் விலை 400 ரூபாய் என்று வையுங்கள். இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. இல்லை. நாட்டார் கலை, செவ்வியல் கலைஞர் நிகழ்ச்சிக்கு வாங்கும் ஊதியமும் 1,50,000 ரூபாய்வரை ஜி.எஸ்.டி.க்கு வெளியே. உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி. அது பொருந்துமா, எவ்வளவு என்பதை டிக்கெட் அச்சடிக்கும் முன் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு கணக்காளரிடமும் கேளுங்கள், இதில் என் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 300 பேரில் 250 பேர் காசு கொடுத்து வருவார்கள் என்றால் ஒரு லட்சம். மீதி 50 கலைஞர்கள், உதவிக்கு வருபவர்கள், அந்த ஊர்க்காரர்கள். எட்டுப் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் 80,000. மொத்தம் 1,80,000. அதை இப்படிப் பிரிப்பேன்: கலைஞர்களுக்கு 72,000, மைக் செட்டும் ஜெனரேட்டரும் 45,000, பந்தல், கழிவறை, தண்ணீர், நாற்காலி 30,000, வண்டியும் கட்டணங்களும் 15,000, கைவைக்காத இருப்பு 18,000. வாடகை விலைகள் சீசனைப் பொறுத்து ஏறி இறங்கும், அதனால் தொகையைவிட விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலைஞர் பங்கு நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அது இசை விழா இல்லை, பந்தல் விழா. அந்தப் பத்தாயிரம் திரும்ப வரும் என்று எவருக்கும் சொல்லாதீர்கள். வந்தால் அடுத்த ஆண்டுக்கான முதல்.

பாடல் உரிமை பலர் யோசிக்காத இடம். சொந்தப் பாட்டு, காலங்காலமாக வழங்கும் நாட்டார் பாட்டு என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. சினிமாப் பாட்டை மேடையில் வாசித்தால் பாடல், இசை உரிமைக்காக ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பு) உரிமம் தேவைப்படும். காசு வாங்காத பார்வையாளர் முன் அமெச்சூர் சங்கம் வாசிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் நீங்கள் 400 ரூபாய் டிக்கெட் விற்கிறீர்கள், அது உங்களுக்கு உதவாது. இடைவேளையில் ஸ்பீக்கரில் ஓடவிடும் ஒலிப்பதிவுக்கு வேறு உரிமம். எளிய வழி, இடைவேளையில் அன்று வாசிக்கும் குழுக்களின் சொந்தப் பதிவுகளை மட்டும் போடுவது. இல்லையென்றால் எதுவுமே போடாமல் விடுங்கள். காதுக்கும் ஓய்வு வேண்டும்.

மின்சாரம்தான் ஆளைக் கொல்லக்கூடியது, ஆகவே இதை விரித்துச் சொல்கிறேன். நான்கு டாப் ஸ்பீக்கர், நான்கு பேஸ் பெட்டி, மேடை மானிட்டர் (வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்), மிக்ஸர், இரண்டு கிட்டார் ஆம்ப் எல்லாம் சேர்ந்து சராசரியாக 4 கிலோவாட், உச்சத்தில் அதைவிட இரட்டிப்பு. 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 20 கிலோவாட். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிவதால் டர்போ இல்லாத டீசல் எஞ்சின் பத்து சதவீதத்துக்கு மேல் வலு இழக்கும், 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேவைக்குத் தாராளம். டீசலுக்கு மணிக்கு 4 லிட்டர் கணக்கு, சோதனை நேரமும் சேர்த்து பத்து மணி நேரத்துக்கு 40 லிட்டர், கூட 20 லிட்டர் கேனில். மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டீக்கடைக்காரர் கொண்டுவரும் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 2 கிலோவாட் இழுக்கும், அதை சவுண்டு ஓடும் ஃபேஸில் சொருகினால் பாட்டின் நடுவில் மிக்ஸர் அணையும். சாப்பாட்டுக் கடைகளுக்கு கேஸ் அடுப்பு மட்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். வயர் நீளத்தையும் பாருங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 50 மீட்டர் தள்ளி 15 ஆம்பியர் இழுத்தால் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும். வாடகை எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அதைவிட மெல்லிய வயர்.

இனி நியூட்ரல். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி) தளர்ந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் ஏறும், ஒரே நொடியில் மிக்ஸரும் ஆம்ப்பும் கருகும். மலைப்பாதையில் இருபது வளைவு ஆடி வந்த ஜெனரேட்டரில் இது தளர்வது அதிசயமில்லை. எதையும் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220-க்கும் 240-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 400 சொச்சம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் கூடாது. அதன்பின் ஒரு ஃபேஸில் மட்டும் 1,000 வாட் ஹாலஜனோ ஹீட்டரோ போட்டு மூன்றையும் மறுபடி அளந்து பாருங்கள். போட்ட ஃபேஸ் இரண்டு மூன்று வோல்ட் இறங்கினால் நல்லது. அது 200-க்குச் சரிந்து மற்ற இரண்டும் ஏறினால் நியூட்ரல் சரியில்லை. ஆபரேட்டர் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் டெர்மினல் பெட்டியைத் திறந்து முறுக்காமல் சொருகாதீர்கள். எர்த் ராடு அடிக்கும்போது மேல்மண்ணுக்குக் கீழே பாறை தட்டும், அப்போது சில அடி தள்ளி இன்னொன்று அடித்து இரண்டையும் இணைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேடைக்குப் போகும் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனை உடனே வெட்டும் சுவிட்ச்) கட்டாயம். ஈரத் தரையில் மைக்கைப் பிடித்துப் பாடும் பிள்ளைக்கு ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான். இந்த வேலைக்கு எழுதும் பெயர் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுடையதாக இருக்க வேண்டும், உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று மீட்டர் எண்களை நோட்டில் எழுத வேண்டும்.

மேடை 20-க்கு 16 அடி, உயரம் இரண்டரை அடி போதும். மேலே கட்டும் தார்ப்பாய் கிட்டத்தட்ட 30 சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அதன்மேல் 220 கிலோ அளவுக்கு விசை விழும், மலை விளிம்பில் அப்படிக் காற்று வருவது அபூர்வமில்லை. சிமெண்ட் களத்தில் முளைக்குச்சி அடிக்க முடியாது. மூலைக்கு ஒன்றாக நான்கு 200 லிட்டர் பேரல்களில் தண்ணீர் நிரப்பிக் கட்டுங்கள், 800 கிலோ ஆகிவிடும். மாலையில் அந்தத் தண்ணீரே பாத்திரம் கழுவ ஆகும்.

மைக் செட் விஷயத்தில் ஒரு கருத்து. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போடும் ரேடியோ செட்காரர்களைக் குறைவாக எடைபோட வேண்டாம், அவர்களுக்கு மேடு பள்ளம், மழை, ஜெனரேட்டர் எல்லாம் அத்துப்படி. குறைவது மேடை மானிட்டரும் மைக் எண்ணிக்கையும்தான். 16 சேனல் மிக்ஸர், பத்து மைக், நான்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியை நேரே மிக்ஸரில் இணைக்கும் பெட்டி), நான்கு மானிட்டர் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் எத்தனை பேர், என்ன கருவி, எங்கே நிற்பார்கள் என்று ஒரு படம் வரைந்து பத்து நாள் முன்பே அவர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கீச்சிடும் சத்தம் வந்தால் புதிதாக இயக்குபவர் ட்ரெபிளை வெட்டிக்கொண்டே போவார், குரல் செத்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் மைக்கின் நேர் பின்புறத்தில் இருக்கிறதா, பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிறாரா என்பதைத்தான்.

பறைக்கு வருவோம். மேலே ஏறியதும் தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கீழே சேலத்தில் கணீரென்று இருந்த பறை, மூடுபனியில் அரை மணி நேரத்தில் தொப்பென்று தட்டும். சிண்டுக் குச்சி (மெல்லிய நீளக் குச்சி) விழும்போது வரும் அந்தக் கூர்மை முதலில் போகும், அடிக் குச்சியின் அதிர்வு பிறகு மந்தமாகும். வாசிக்கும் முன் தீயில் காட்டிக் காய்ச்சியே ஆக வேண்டும், நடுவில் ஒருமுறையும் தேவைப்படலாம். எனவே மேடையிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, புகையும் பொறியும் மேடைப் பக்கம் வராத திசையாகப் பார்த்து, சிமெண்ட் தரையில் ஓர் இரும்புச் சட்டியில் தீ. பக்கத்தில் இரண்டு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், பார்த்துக்கொள்ள ஒரு பெயர். பிப்ரவரியில் சேர்வராயன் மலைப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி காட்டுக்குள் போனால் விழா அதோடு போயிற்று. தீ மூட்டப்போகிறோம் என்பதை அனுமதி மனுவிலேயே எழுதுங்கள். பறைக் குழுவின் நேரத்துக்கு முந்தைய இடைவெளியைக் காய்ச்சுவதற்காக 30 நிமிடமாக்கலாம். இன்னொன்று: பறையை வாசலில் வரவேற்புக்கு அடிக்கவிட்டு, மேடையைப் பேண்டுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். மேடையில் அதே 40 நிமிடம், தலைக்கு அதே கூலி. பேண்டில் நால்வர், பறையில் பத்துப் பேர் என்றால் குழுவுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது சமம் ஆகாது. தலைக்குக் கணக்கிடுங்கள். அவர்களை அழைக்கும்போது வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துத் தேதியை உறுதி செய்வதுதான் முறை. வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்புவது அழைப்பாகாது. மீதியை வாசித்து இறங்கியதும், வண்டி ஏறுவதற்கு முன், கையில்.

சாமான் ஏற்ற ஒரே பெரிய லாரி வேண்டாம், வளைவுகளில் திரும்பாமல் நின்றால் மலைப்பாதையே நிற்கும். இரண்டு குட்டியானை, ஒரு 14 அடி வண்டி, முந்தைய நாள் மதியமே மேலே. குப்பனூர் வழியாகவும் பாதை உண்டு, முதன்மைப் பாதை அடைபட்டால் எந்த வண்டி எப்படி வரும் என்று ஓட்டுநர்களிடம் முன்பே பேசி வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டர், 300 பேருக்கு 750, அதாவது 20 லிட்டர் கேன் 38. கழிவறை நூறு பேருக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம், பெண்களுக்குப் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள், இருட்டு மூலையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று, பலருக்கு இது தெரியாது. வாடகைப் பாத்திரக் கடையில் 150 எவர்சில்வர் டம்ளர், கழுவ இரண்டு தொட்டி, சாப்பாட்டுக்குப் பாக்கு மட்டைத் தட்டு. மது வேண்டாம். உரிமம் இல்லாமல் குற்றம் என்பது ஒரு பக்கம், இறங்க வேண்டிய பாதை மறுபக்கம்.

முடிவெடுக்கும் முறைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இத்தனையும் அதில்தான் நிற்கிறது. மூன்று வகையாகப் பிரியுங்கள். தேதி, டிக்கெட் விலை, யாரிடம் பணம் வாங்கலாம், யாரிடம் கூடாது, கலைஞர் ஊதிய விதி ஆகியவற்றுக்கு எட்டுப் பேரும் ஒப்ப வேண்டும்; ஒருவர் மறுத்தால் மறுபடி பேச வேண்டும். எந்தப் பந்தல்காரர், எத்தனை நாற்காலி போன்றவற்றைப் பொறுப்பாளரே, தன் தொகைக்குள், யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம். மூன்றாவது, நிறுத்தும் அதிகாரம். அன்றைக்கு ஒரே ஒருவருக்கு, காரணம் கேட்காமல் நிகழ்ச்சியை நிறுத்தும் உரிமை. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மேடையை அணைத்து, ஆட்களைக் கட்டடத்துக்குள்ளும் மூடிய வண்டிகளுக்குள்ளும் அனுப்பி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இதை வாக்கெடுப்பில் விட்டால் யாரும் நிறுத்தமாட்டார்கள். அந்த ஒருவர் அன்று பாடக்கூடாது, வாசிக்கக்கூடாது, டிக்கெட்டும் கிழிக்கக்கூடாது. 108-ஐ அழைக்க வேண்டியவரும் அவரே, களத்துக்கு வரும் வழியை நான்கு வரியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். குழு வாட்ஸ்அப்பில் பேசியது தீர்மானம் ஆகாது. வாரம் ஒரு கூட்டம், ஒரு நோட்டு, யார் எதை எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்தி. விழாவுக்குப் பத்து நாள் முன்பு பட்டியலை மூடிவிடுங்கள், அதன்பின் வரும் அருமையான யோசனை அடுத்த ஆண்டுக்கு.

கணக்கில் இரண்டு கையெழுத்து. செலவு செய்தவரும் பில்லைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. வாசலில் வந்த ரொக்கத்தை அன்றிரவே மூன்று பேர் முன்னால் எண்ணி எழுதிவிட வேண்டும், மறுநாள் என்றால் தூக்கக் கலக்கத்தில் ஐநூறு ரூபாய்க்குச் சண்டை வரும். ஏழு நாளுக்குள் முழு வரவு செலவையும் டிக்கெட் வாங்கியவர்களும் பார்க்கும்படி வெளியிடுங்கள். நட்டம் என்றாலும் அப்படியே. மறுநாள் காலை களத்தைக் கழுவி, எஸ்டேட்காரரை வரவழைத்துக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் எட்டுப் பேர் பாடு. பிடித்த பெயர் மூன்றை எழுதிக்கொண்டு, அதே பெயரில் வேறு சங்கம் இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் பார்த்துவிட்டு பேனர் அடியுங்கள்.